கண்ணாடியில் நின்ற தண்ணீர்

நூலகத்தில் எல்லோரும் அவளைப் பைண்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்தின் பின்பக்கம், படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறை அவளுடையது. ஒரு நீள மேசை, இரும்பு அழுத்துப் பொறி, நூல்கண்டு, ஊசி, பசைக் கிண்ணம், நாலைந்து தூரிகை. கிழிந்த புத்தகம், அட்டை போன புத்தகம், முதுகு விட்டுப்போன புத்தகம் எல்லாம் அந்த மேசைக்கு வந்துசேரும். பதினாறு வருடங்களாக அவள் கையால் தைத்து அனுப்பிய புத்தகங்களை அடுக்கினால் கூரையைத் தொடும். அவற்றில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை.

பத்தாவது வரை படித்தவள்தான். எழுத்து தெரியாமல் இல்லை. பக்க எண்ணைப் பார்ப்பாள், வரிசை சரியா என்று பார்ப்பாள், ஊசியைக் கோப்பாள். உள்ளே யார் யாரைக் கல்யாணம் செய்தார்கள், யார் யாரைக் கொன்றார்கள் என்பது அவளுக்கு வேண்டாத கதை. "சமையல்காரன் எல்லாத்தையும் தின்னு பார்த்தா வேலைக்கு ஆகுமா?" என்று நூலகரிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

'பித்தளை வானம்' என்ற நாவல் வந்தபோதுதான் அந்த வழக்கம் உடைந்தது. மொழிபெயர்ப்பு நாவல், ஐந்நூறு பக்கத்துக்கு மேல். அலமாரிக்குப் பின்னால் சுவர் கசிந்து, புத்தகத்தின் அடிப்பாகம் முழுக்க ஊறி இற்றுப்போயிருந்தது. பசை விட்டு ஒவ்வொரு தாளும் தனித்தனியாகக் கழன்றுவிட்டது. காயப்போட்ட புண்ணியவான் சீட்டுக்கட்டு கலைப்பதுபோலக் கலைத்துவைத்திருந்தார். பக்க எண்கள் அச்சாகியிருந்தது அடியில். அந்த அடிதான் போய்விட்டதே.

"தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டாள் பைண்டரம்மா.

நூலகர் இளம்பெண். புத்தகத்தைத் தூக்கிப் போடுவது என்றாலே அவள் முகம் சுண்டிவிடும். "இது இப்ப எங்கேயும் கிடைக்காதும்மா. வரிசைப்படுத்த முடியுமான்னு பாருங்களேன். அவசரமே இல்லை, மெதுவாப் பண்ணுங்க."

வரிசைப்படுத்த ஒரே வழிதான் இருந்தது. ஒரு தாளின் கடைசி வரியைப் படித்து, அது எந்தத் தாளின் முதல் வரியோடு ஒட்டுகிறது என்று தேட வேண்டும். அதாவது, படித்தே ஆக வேண்டும்.

முன்னுரை மட்டும் கலையாமல் இருந்தது. கதை விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நடக்கிறது. ஆனால் நாம் அறிந்த லண்டனில் அல்ல என்று எழுதியிருந்தார் மொழிபெயர்ப்பாளர். அங்கே மின்சாரம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. நீராவியே எல்லாவற்றையும் ஓட்டுகிறது. சரித்திரம் ஏதோ ஒரு முனையில் வேறு தெருவில் திரும்பியிருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் இந்த நாவல் என்று முன்னுரை முடிந்தது. பைண்டரம்மா உதட்டைப் பிதுக்கினாள். நடக்காததை எழுதுவதற்கு ஐந்நூறு பக்கமா?

முதல் வாரம் அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. கரி தின்று புகை கக்கும் இரும்புக் குதிரைகள். கடிதம் கொண்டுபோகும் பித்தளைப் பறவைகள். சாவி கொடுத்தால் கணக்குப் போடும் வீடு அளவு இயந்திரம். வானம் தெரியாதபடி ஆகாயக் கப்பல்கள். "குதிரைக்கு உடம்பு சரியில்லைன்னா வைத்தியரைக் கூப்பிடுவாங்களா, கொல்லரைக் கூப்பிடுவாங்களா?" என்று மதியச் சாப்பாட்டின்போது நூலகரிடம் கேட்டாள். நூலகருக்குப் புரையேறிவிட்டது.

ஆனாலும் தாள்கள் சேரச் சேர, கதை அவளைப் பிடித்துக்கொண்டது. கதாநாயகி ஓர் ஆகாயக் கப்பலில் கொதிகலனைக் கவனிப்பவள். கப்பலில் எல்லோரும் அவளைக் கரிக்காரி என்பார்கள். கைகளில் தழும்பு, வாயைத் திறந்தால் வசவு, கொதிகலன் சத்தம் சற்று மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்துவிடும் காது. கரிக்காரி வரும் தாள்களைப் பைண்டரம்மா மெதுவாகப் படித்தாள். சில தாள்களைத் தனியே எடுத்துவைத்து மறுபடி படித்தாள். காரணம் இருந்தது. அவள் கணவரும் கொதிகலன்காரர்தான்.

துணிகளுக்குச் சாயம் ஏற்றும் ஆலை ஒன்றில் பாய்லர் ஓட்டினார் அவர். சாயத் தொட்டிகளுக்குச் சுடுநீரும் ஆவியும் அனுப்பும் பெரிய பாய்லர். வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையில் கரிவாடையும் சாயவாடையும் கலந்து வரும். தடித்த கண்ணாடி போட்டிருப்பார். அனல் பட்டுப் பட்டு அதன் சட்டம் நிறம் மங்கியிருக்கும். பாட்டு வராது, ஆனால் பாடுவார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பிற்பகல், நாலரை மணிக்கு, அந்த பாய்லர் வெடித்தது. பாய்லர் கூடத்தின் கூரை மூன்று தெரு தாண்டி விழுந்தது. உள்ளே இருந்தவர் அவர் ஒருவர்தான்.

விசாரணை பத்து நாளில் முடிந்தது. பாய்லரில் தண்ணீர் வற்றிப்போய், தகடு பழுக்கக் காய்ந்து வெடித்திருக்கிறது. தண்ணீர் வற்றுவதைக் கவனிக்க வேண்டியவர் கவனிக்கவில்லை. முந்தின இரவும் வேலை பார்த்துவிட்டு, ஆள் வராததால் மதியமும் வந்தவர், அசதியில் தூங்கிவிட்டார். மேலாளர் அப்படித்தான் சொன்னார். அறிக்கையிலும் அப்படித்தான் வந்தது.

பைண்டரம்மா அதை நம்பினாள். மற்றவர்களைவிட அதிகமாகவே நம்பினாள்.

அன்று காலை எட்டு மணிக்கு இரவு வேலை முடிந்து வந்தவரை அவள் தூங்கவிடவில்லை. அவர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம் என்றார். அவள் முடியாது என்றாள். மகனை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தது. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல்லாகச் சண்டை வளர்ந்து, மதியம்வரை ஓயவில்லை. ஒன்றரை மணிக்கு, கண்கள் சிவக்க, சாப்பிடாமல் அவர் ஆலைக்குக் கிளம்பினார். தூங்கிவிட்டார் என்று மேலாளர் சொன்னபோது, தூங்கவிடாதது யார் என்று அவளுக்கு மட்டும் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை. நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு மகனை வளர்த்தாள்.

மகனும் அதன் நிழலிலேயே வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனைக் கொட்டாவி என்று கூப்பிட்டார்கள். இப்போது இருபத்தேழு வயது. கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டுகிறான். மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் நிழலில் துண்டை விரித்துப் படுப்பார்கள். அவன் உட்காரக்கூட மாட்டான். காய்ச்சல் வந்தாலும் பகலில் கண்ணை மூட மாட்டான். அப்பாவின் படம் வீட்டில் உண்டு. அப்பாவைப் பற்றிய பேச்சுத்தான் கிடையாது.

நாவலில் முன்னூறாவது பக்கமோ என்னவோ, எண் இல்லாத ஒரு தாளில்தான் அது வந்தது. கப்பல் கிளம்புவதற்கு முன்பு, புதிதாக வந்த ஓர் உதவியாளைக் கரிக்காரி வறுத்தெடுக்கிறாள். பாய்லரின் பக்கவாட்டில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு அந்த ஆள், எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறான்.

'கண்ணாடி பொய் சொல்லும், மடையா!' என்கிறாள் கரிக்காரி. 'கீழே இருக்கும் குழாய் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், மேலே இருந்து வரும் ஆவி குளிர்ந்து கண்ணாடியில் தண்ணீராய் நிற்கும். நீ பார்ப்பது அந்தத் தண்ணீர். உள்ளே பாய்லர் வறண்டு கிடக்கும். அடியில் உள்ள வால்வைத் திற. கண்ணாடியைக் காலி செய். தண்ணீர் குபுக்கென்று திரும்பி வந்தால் நம்பு. வராவிட்டால் ஓடு.'

பைண்டரம்மா அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். பசைத் தூரிகை கிண்ணத்திலேயே கிடந்து விறைத்துக்கொண்டிருந்தது. தாளை எடுத்துக்கொண்டு நேரே நூலகரின் மேசைக்குப் போனாள்.

"இதுல எழுதியிருக்கிறது நிஜமா?"

நூலகர் படித்துப் பார்த்தாள். "கதைதானேம்மா. ஆகாயக் கப்பலே கட்டுக்கதை."

"கப்பல் கட்டுக்கதையா இருக்கட்டும். கண்ணாடி?"

அவள் கேட்ட விதத்தில் நூலகர் எழுந்துவிட்டாள். தொழில்நுட்ப அலமாரியைக் குடைந்து, பாய்லர் இயக்குபவர் தேர்வுக்கான பழைய வழிகாட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதில் படமே இருந்தது. ஒரு கண்ணாடிக் குழாய், மேலே ஒரு இணைப்பு, கீழே ஒரு இணைப்பு, அடியில் ஒரு சின்ன வால்வு. 'கீழ் இணைப்பு அடைபட்டால் பொய்யான நீர்மட்டம் தெரியும். ஒவ்வொரு முறை வேலைக்கு வரும்போதும் வால்வைத் திறந்து சோதிக்கவும்.' கரிக்காரி திட்டியது அத்தனையும் மரியாதையான தமிழில் இருந்தது.

பைண்டரம்மா மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைய சண்டையில் கணவர் சொன்ன ஒரு வாக்கியம் அப்போது நினைவுக்கு வந்தது. "கண்ணாடி சரியில்லை. அதை நம்பி வேலை பார்க்க முடியலை. அந்த இடமே வேணாம், போயிடலாம்."

அவர் மூக்கின்மேல் இருந்த கண்ணாடியைத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். "கண்ணாடி சரியில்லைன்னா கண் டாக்டர்கிட்டப் போங்க. அதுக்காக ஊரையே மாத்தணுமா?" என்று கத்தினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கையை உதறிவிட்டுப் போனார்.

நூலகர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை.

ஆலையில் அவள் கணவரோடு நெருக்கமாக இருந்தவர் ஒருவர்தான்: பாய்லர் கூடத்து ஃபிட்டர். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். விபத்துக்குப் பிறகு துக்கம் விசாரிக்க ஒருமுறை வந்தார், அதோடு சரி. கடைத்தெருவில் எதிரே வந்தால் சடாரென்று மறுபக்கம் போய்விடுவார். தூங்கிக் கெட்டவனின் குடும்பத்தோடு என்ன பேச்சு என்று ஒதுங்குகிறார் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். மறுநாள் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

அடுக்குமாடியின் தரைத்தளத்தில் மகளோடு இருந்தார் ஃபிட்டர். மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஜன்னலோரம் ஒரு மின்விசிறியைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், மடியில் இருந்த திருகுகள் தரையில் சிதறின.

"உக்காரும்மா. என்ன... திடீர்னு?"

அவள் உட்காரவில்லை. "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கீழ்க்குழாய் அடைச்சிருந்தா கண்ணாடியில தண்ணி நிக்கிற மாதிரி காட்டுமா?"

குனிந்து திருகு பொறுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"ஒரு கதைப் புஸ்தகம்."

"கதைப் புஸ்தகமா?" அவர் மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். "என்னிக்காவது ஒரு இன்ஜினியர் வந்து இதைக் கேப்பான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். நீ கேப்பேன்னு நினைக்கவே இல்லை தங்கச்சி."

"சொல்லுங்க."

"அந்த வால்வு மூணு நாளா இறுகிப்போய்க் கிடந்துச்சு. திறக்க வரலை. வால்வைத் திறக்காம கண்ணாடியைச் சோதிக்க முடியாது. அவன் பதிவேட்டுல எழுதினான். என்கிட்டயும் சொன்னான். பாய்லரை நிறுத்தினாத்தான் மாத்த முடியும். நான் மேலாளர்கிட்டப் போனேன். சரக்கு அனுப்பற வரைக்கும் நிறுத்தக் கூடாது, ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம்னுட்டாரு. நானும் சரின்னு வந்துட்டேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு?"

"அன்னிக்கு நாலேகால் தாண்டியிருக்கும். நான் அங்கதான் இருந்தேன். கண்ணாடியையே பார்த்துக்கிட்டு நின்னான். 'அண்ணே, இது ஒரு மணி நேரமா ஆடாம அசையாம நிக்குது, சரியாப் படலை'ன்னான். தீயை இறக்க ஆரம்பிச்சான். 'பெரிய ஸ்பேனரை எடுத்துட்டு வாங்க, மேலாளர் என்ன சொன்னாலும் சரி, இன்னிக்கு இதைத் திறக்காம விடறதில்லை'ன்னான். நான் கருவி அறைக்குப் போனேன். ஸ்பேனரைக் கையில எடுத்தேன். அப்பத்தான்..."

பொறுக்கிய திருகுகளை அவர் மேசைமேல் கொட்டினார்.

"அவரு தூங்கலையா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள். "அண்ணே, அவரு தூங்கலையா?"

"தூங்கறவனா என்னை ஸ்பேனர் எடுத்தாரச் சொல்லுவான்?" ஃபிட்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "பதிவேட்டை மேலாளர் எடுத்துட்டுப் போயிட்டாரு. விசாரணையில என்னைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. நான் அந்த நேரம் அங்க இல்லை, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லச் சொன்னாரு. சொன்னேன். வால்வை மாத்தாதது நான்தானே, என்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்கன்னு பயம். அவன் அனுப்பினதாலதான் நான் உசிரோட இருக்கேன். அந்த உசிரை வெச்சுக்கிட்டு அவன் பேரைக் கெடுத்தேன்."

வெளியே யாரோ துணி உதறும் சத்தம் கேட்டது. பைண்டரம்மா குனிந்து, தரையில் கிடந்த திருகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள். ஏன் அதைச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை சும்மா இருக்க மறுத்தது.

"ஞாயித்துக்கிழமை என் பையன் வீட்ல இருப்பான்," என்றாள். "இதை அவன்கிட்ட வந்து சொல்லணும்."

"அடிச்சான்னா?"

"அடிச்சா வாங்கிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபிட்டர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தாநாள் அவளிடம் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். மகன் நின்றபடியே கேட்டான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் ஒரே ஒரு விஷயம் கேட்டான்.

"கருவி அறை எவ்வளவு தூரம்?"

"நாப்பது காலடி இருக்கும்."

"ஓடினீங்களா, நடந்தீங்களா?"

ஃபிட்டர் அவனை நிமிர்ந்து பார்த்தார். "நடந்தேன்பா."

"ஏன்?"

"அவசரம்னு தோணலை. அவன் பதறலை. சிரிச்ச மாதிரிதான் சொன்னான். நான் பயப்படக் கூடாதுன்னு அப்படிச் சொன்னானோ என்னவோ. அன்னிலேர்ந்து அந்த நாப்பது காலடியைத்தான் நடந்துக்கிட்டிருக்கேன்."

மகன் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனான். அரைமணி நேரம் கழித்து, தெருப்புழுதி படிந்த காலோடு திரும்பினான். கையில் கோடு போட்ட தாள்கள். ஃபிட்டரின் முன்னால் வைத்து, தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினான்.

"சொன்னதை எழுதுங்க."

"நான் எழுதினா எழுத்துப் பிழை நிறைய வரும்."

"வரட்டும்."

மூன்று பக்கம் எழுத அவருக்கு மதியம்வரை ஆயிற்று. நடுவில் பைண்டரம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தேநீர் ஆறியபிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு, தேதி எழுதினார்.

அடுத்த வாரம் அம்மாவும் மகனும் அதை எடுத்துக்கொண்டு, பாய்லர்களை ஆய்வு செய்யும் அரசு அலுவலகத்துக்குப் போனார்கள். ஆலை மூடிப் பல வருடமாகிறது. அந்தக் கட்டடத்தில் இப்போது மரச்சாமான் கிடங்கு. மேலாளரும் இறந்துவிட்டார். அலுவலகத்தில் பழைய கோப்பும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடிதத்தைப் படித்தார்.

"இதை வெச்சு இப்ப ஒண்ணும் செய்ய முடியாதேம்மா. விசாரணையைத் திரும்பத் திறக்க வழியில்லை."

"ஒண்ணும் செய்ய வேணாம் சார்," என்றான் மகன். "இதை வாங்கிக்கிட்டோம்னு பிரதியில முத்திரை போட்டுக் கொடுங்க. அது போதும்."

அதிகாரி இன்னொரு முறை படித்தார். "கண்ணாடியோட அடி வால்வு மூணு நாளா இறுகியிருக்கு, பாய்லர் ஓடியிருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு முத்திரையை மையில் நன்றாக அழுத்தி, மூன்று பக்கத்திலும் போட்டார். ஒரு பக்கத்தில் போட்டாலே போதும். அவர் மூன்றிலும் போட்டார்.

அதற்குள் 'பித்தளை வானம்' வேலையும் முடிந்திருந்தது. கடைசித் தாள்வரை படித்துத்தான் சேர்த்தாள். கரிக்காரி கடலைக் கடந்துவிட்டாள். கணக்கு இயந்திரத்தை யாரோ உடைத்துவிட்டார்கள். மகாராணிக்கு ஒரு பித்தளைக் கை வந்தது. அதெல்லாம் அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. நெஞ்சில் நின்றது முன்னுரையில் வந்த அந்தத் தெரு முனைதான். இருபத்திரண்டு வருடமாக, 'அன்றைக்கு மட்டும் அவரைத் தூங்கவிட்டிருந்தால்' என்ற ஒரே முனையில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள். இப்போது அது இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு முனை இருந்தது. 'போயிடலாம்' என்று அவர் சொன்னபோது சரி என்று சொல்லியிருந்தால்?

அலுவலகத்திலிருந்து திரும்பும் பேருந்தில் கூட்டமில்லை. பின்வரிசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மகன் முத்திரை போட்ட தாள்களை மடியில் வைத்திருந்தான். அப்போதுதான் அவள் சொன்னாள். காலை எட்டு மணி முதல் மதியம்வரை நடந்தது, அவர் சாப்பிடாமல் போனது, கண் டாக்டரிடம் போகச் சொன்னது, எல்லாவற்றையும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மகன் மடியில் இருந்த தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"எதுக்காக வேணாம்னு சொன்னே?"

"உன்னை அப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேர்த்திருந்துச்சு. அந்த டீச்சரை விட்டு வரமாட்டேன்னு நீ அழுதே."

"அப்ப நானும்தான் காரணம்."

அவள் சடக்கென்று திரும்பினாள். "அஞ்சு வயசுப் பிள்ளைடா நீ! உனக்கு என்ன தெரியும்?"

"உனக்கு என்ன தெரிஞ்சுது?" அவன் குரலை உயர்த்தவில்லை. "எந்தக் கண்ணாடின்னே உனக்குத் தெரியாது."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் மகன் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல நேராக உட்கார்ந்துகொண்டார். மகன் அவள் முதுகில் கை வைத்தான். தட்டவில்லை, தடவவில்லை, சும்மா வைத்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "எந்த ஊருக்குப் போகலாம்னு சொன்னாரு?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கடலோரமா ஒரு ஊரு. பால் பதப்படுத்தற ஆலை. புது பாய்லர் வாங்கியிருக்காங்களாம், பார்த்துக்க ஆள் வேணுமாம்."

"வீடு?"

"அவங்களே கொடுப்பாங்களாம். ரெண்டு அறை. வீட்டுக்குள்ளயே குழாய். பின்னாடி கொஞ்சம் இடம் இருக்கும், செடி வைக்கலாம்னாரு. உங்கப்பாவுக்குச் செடி வளர்க்கவே தெரியாது. வெச்ச செடியெல்லாம் பத்து நாள்ல காஞ்சிரும்."

மகன் சிரித்தான். அப்பாவைப் பற்றிய பேச்சில் அவன் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"பள்ளிக்கூடம் இருந்துச்சாமா?"

"இருந்துச்சாம். ஆலை வாசல்ல நின்னு பார்த்தா பள்ளிக்கூடத்து மைதானம் தெரியுமாம். நீ விளையாடறதை வேலை இடைவேளையில வந்து பார்க்கலாம்னு சொன்னாரு."

"அப்புறம்?"

அவ்வளவு சண்டைக்கு நடுவிலும் அவர் சொன்ன எல்லாவற்றையும் தான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மடியில் கையைக் கோத்துக்கொண்டு, அந்த வீட்டின் ஜன்னல்கள் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்று சொல்லத் தொடங்கினாள்.